சிறை விதிகள் திருத்தம்: உள்ளே இருந்து வந்தவர்களை வரைவு வேலையில் சேர்ப்பது எப்படி?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்கு மாற்றாக ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2023-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதை ஏற்பதும் திருத்துவதும் மாநிலங்கள் கையில். இந்தப் பின்னணியில், தமிழ்நாடு சிறை விதிகள் 1983-இல் எவையெல்லாம் மாற வேண்டும் என்று ஒரு பரிந்துரை தயாரிக்கிறோம். குழுவில் வக்கீல்களும் சமூகப்பணித் துறை ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

சிறையில் இருந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் இழுபறி. மண்டபம் பிடித்து, நாலு பேரை மேடையேற்றி, கதை கேட்டு, சால்வை போட்டு அனுப்புகிற வேலை வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்தக் கட்டத்தில் அழைப்பது, பணம் கொடுக்கலாமா, இப்போது உள்ளே இருப்பவர்களிடமும் கேட்க முடியுமா? செய்து பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாய்தா

முதலில் கட்டத்தை முடிவு செய்யுங்கள், எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். வரைவை எழுதி முடித்துவிட்டுக் கருத்து கேட்டால் “நல்லா இருக்கு சார்” என்ற பதில்தான் வரும். விதியின் வாசகம் எழுதப்படுகிற அன்றைக்கே அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

சிறைக்குள்ளிருந்து வந்த குரல் சட்டத்தை மாற்றியதற்கு நம் நாட்டில் முன்னுதாரணங்கள் உண்டு. டெல்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் (சிறைக் காவலர்) சித்திரவதை செய்ததைச் சொல்லி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் போட்டார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்பு சொன்னார்கள். புகார்ப் பெட்டி, கைதிகளுக்கான கையேடு, குறைகளை எழுதிப் போடச் சுவர்ப் பத்திரிகை எல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. ராமமூர்த்தி வழக்கும் பெங்களூர் மத்திய சிறையிலிருந்து வந்த கடிதம்தான். 1996 தீர்ப்பு நெரிசல், விசாரணைத் தாமதம், சித்திரவதை, சுகாதாரம், சாப்பாடு என்று ஒன்பது சிக்கல்களை வரிசைப்படுத்தியது. 2003, 2016 மாதிரிச் சிறைக் கையேடுகள் அந்தத் தடத்தில் வந்தவை. ஆனால் தீர்ப்பை விதியாக எழுதுகிற வேலை வழக்கம்போல் அதிகாரிகளிடம் போனது. கடிதம் எழுதியவரின் பங்கு கடிதத்தோடு முடிந்தது.

அதனால் என்ன கெடுகிறது என்று கேட்டால், அந்தப் புகார்ப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர், செஷன்ஸ் நீதிபதி பொறுப்பில் பெட்டி இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ‘ஒவ்வொரு சிறையிலும் புகார்ப் பெட்டி வைக்கப்படும்’ என்று விதியில் ஒரு வரி எழுதினால் பெட்டி வந்துவிடும். ஜெயிலர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே! அங்கே சீட்டுப் போட்டவன் யார் என்று சாயங்காலம் செல்லைப் பூட்டும் லாக்கப் நேரத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். தாளும் பேனாவும் யாரிடம் கேட்டு வாங்குவது? எழுதத் தெரியாதவனுக்கு எழுதித் தருவது ரைட்டர் வேலை பார்க்கும் தண்டனைக் கைதி. அவர் அலுவலகத்துக்கு வேண்டியவர். உள்ளே இருந்த ஒருவர் மேசையில் இருந்தால் இந்த ஒரு வரி ஆறு வரியாகும்: பிளாக்குக்கு ஒரு பெட்டி, வைக்கும் இடம் எல்லோரும் தினமும் போய்வருகிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம், கேமரா பார்வைக்கு வெளியே, சாவி சிறை வளாகத்துக்குள் இருக்கக் கூடாது, திறக்கும் தேதி முன்கூட்டியே சுவரில் ஒட்டப்பட வேண்டும், பெட்டியைத் திறந்தவர் எண்ணிக்கையை அங்கேயே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சாதி விவகாரமும் இதே கதைதான். சமையல் இன்ன சாதிக்கு, துப்புரவு இன்ன சாதிக்கு என்று பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் எழுத்திலேயே இருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3-ஆம் தேதிதான் செல்லாது என்றது. அதுவும் ஒரு பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில். கைதிப் பதிவேடுகளில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. சிறைச் சீர்திருத்தத்துக்கான முல்லா குழு 1983-இல் அறிக்கை கொடுத்ததற்கும் இதற்கும் நடுவே எத்தனை குழுக்கள் உட்கார்ந்து எழுந்தன! உள்ளே போன முதல் வாரத்தில் கக்கூஸ் கழுவ அனுப்பப்பட்ட ஒருவர் அந்தக் குழுக்களில் இருந்திருந்தால் இந்த விதி பட்டியலில் முதலில் வந்திருக்கும்.

செய்முறைக்கு வருகிறேன். ஓர் அமர்வு 3 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்; 6 முதல் 8 விதிகள் போதும். விதியை ஒருவர் தமிழில் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆங்கில மூலத்தைக் கொடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்கக் கூடாது. வாசித்ததும் ஒவ்வொரு விதிக்கும் ஒரே கேள்விகள்: இது எந்த நேரத்தில் நடக்கும்? யார் கையால்? எந்தப் பதிவேட்டில் ஏறும்? நடக்காவிட்டால் கைதி யாரிடம் போவார்? இதை வைத்து யாராவது காசு பார்க்க முடியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். உருப்படியான திருத்தங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

தெற்குமாசி

வாய்தா சொன்னதோடு ஆள் தேர்வைப் பற்றிச் சேர்க்கிறேன். வழக்கமாகச் சறுக்குகிற இடம் இதுதான்.

‘முன்னாள் கைதி’ என்றதும் எல்லோரும் ஆயுள் தண்டனை முடித்தவரைத் தேடிப் போவார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75-க்கு மேல். நீண்ட தண்டனை அனுபவித்தவருக்குத் தொழிற்கூடம், கூலி, விடுப்பு, முன்விடுதலை எல்லாம் அத்துப்படி. அட்மிஷன் அன்று என்ன நடக்கிறது, கோர்ட்டுக்கு எஸ்கார்ட் வராமல் வாய்தா தள்ளிப்போவது, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பது பற்றியெல்லாம் மூன்று மாதம் ரிமாண்டில் இருந்தவரைத்தான் கேட்க வேண்டும். கிளைச் சிறையில் இருந்தவரையும் விடாதீர்கள். மத்திய சிறைக்கு வருகிற பார்வையாளர்கள் கிளைச் சிறைப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைவு.

12 பேர் குழு என்றால் சிறை அனுபவம் உள்ளவர்கள் குறைந்தது 4 பேர். ஒருவரை மட்டும் வைத்தால் அவர் எல்லாக் கைதிகளின் சார்பாகவும் பேச வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார். எதிர்த்துப் பேசவும் துணை இருக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2024-இல் ஒரு சட்டம் போட்டார்கள். குறிப்பிட்ட ஒரு பிரிவினரை நேரடியாகப் பாதிக்கும் கொள்கையை ஆராயச் சட்டப்படி அமைக்கும் தற்காலிகக் குழுக்களில், அந்த அனுபவம் உள்ளவர்கள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்று. ‘ஒருவராவது’ என்று எழுதாமல் 3 என்று எழுதியது சரியான முடிவு.

அந்த நாலில் இரண்டு பேர் விசாரணைக் கைதியாக மட்டும் இருந்தவர்கள், ஒருவர் பெண், ஒருவர் தண்டனை முடித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுக்கப் பெண் கைதிகள் சுமார் 4 விழுக்காடு என்பதற்காக அவர்கள் இடத்தைச் சுருக்க வேண்டாம். நாப்கின், பிரசவம், 6 வயது வரை தாயோடு உள்ளேயே வளரும் குழந்தையின் பால் என்று அவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதை ஆண்கள் உட்கார்ந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனி அமர்வும் வையுங்கள்.

விடுதலையாகி 6 மாதமாவது ஆகியிருக்கட்டும். வேலை, வீடு என்று கால் ஊன்ற வேண்டும். 10 ஆண்டுக்கு முந்தைய அனுபவம் என்றால், அன்றைய நடைமுறை இன்னும் இருக்கிறதா என்று சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். ஆட்களைத் தேடும் வழிகள்: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல்கள், நன்னடத்தை அலுவலர்கள், விடுதலையானோர் உதவிச் சங்கம். ஒரே வழியில் போனால் ஒரே மாதிரி ஆட்கள்தான் வருவார்கள். இரண்டு வழியாவது வேண்டும்.

இனி ஜாமீனில் இருப்பவர்கள். நம் ஊர் நிபந்தனை ஜாமீன் உத்தரவுகளில் ‘தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து’ என்பது சர்வசாதாரணம். நீங்களும் கூட்டத்தை 10.30-க்கு வைப்பீர்கள்! அவர் கையெழுத்தை விட்டுவிட்டு வந்தால் ஜாமீன் ரத்துக்குப் போலீஸ் மனு போடும். அழைக்கும் முன் உத்தரவு நகலைப் படியுங்கள்: கையெழுத்து நேரம், ஊரைவிட்டுப் போகத் தடை இருக்கிறதா, சாட்சிகள் இருக்கும் ஊருக்குள் நுழையத் தடையா. கூட்டத்தைப் பிற்பகல் 2.30-க்கு வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பரோல் விடுப்பில் வந்தவர்களை அழைக்கவே வேண்டாம். விடுப்பு நிபந்தனையில் சிக்கினால் அடுத்த விடுப்பு போய்விடும்.

பணம் கட்டாயம் கொடுக்க வேண்டும். பேராசிரியருக்கு என்ன அமர்வுப் படியோ அதே தொகை. பயணச் செலவை முன்பணமாகக் கொடுங்கள். டிக்கெட்டைக் காட்டிப் பின்னால் வாங்கிக்கொள் என்றால் கூலி வேலைக்காரர் வரமாட்டார். பலருக்கு வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும், ஆதாரில் பழைய முகவரி இருக்கும். ஆகவே வவுச்சரில் கையெழுத்து வாங்கி ரொக்கமாகத் தரும் ஏற்பாட்டை முதலிலேயே உங்கள் தணிக்கையாளரிடம் பேசிவிடுங்கள். வாஷிங்டனில் 2022 முதல் இப்படிப்பட்ட அரசுக் குழு உறுப்பினர்களுக்கு நாளுக்கு 200 டாலர் வரை தரச் சட்டமே அனுமதிக்கிறது.

முதல் அமர்வுக்கு முன் இரண்டு அரை நாள் பயிற்சி. சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை நான்கும் எப்படி வேறுபடுகின்றன, எதை யார் மாற்ற முடியும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். பிறகு ஒவ்வொரு குறையையும் அவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள்: விதியே இல்லை; விதி இருக்கிறது, நடப்பதில்லை; விதியும் இருக்கிறது, பணம்தான் இல்லை. முதல் குவியல் வரைவுக்குப் போகும். இரண்டாவதற்குக் கண்காணிப்பு விதி எழுத வேண்டும். மூன்றாவதை விதியில் எழுதிப் புண்ணியமில்லை, நிதித்துறைக்குத் தனிக் குறிப்பு.

சாட்சிக்கூண்டு

நல்ல யோசனைகள். ஆனால் இந்த மேசையில் பாதிக்கப்பட்டவர்கள் எங்கே? கொலையானவரின் மனைவிக்குத் தெரியாமல் பரோல் விதி எழுதுவது நியாயமா? சிறை ஊழியர்களும் இல்லை. 12 மணி நேரம் ஒற்றை ஆளாகக் காவல் நிற்கிற வார்டரிடம் கேட்காமல் எழுதிய விதி காகிதத்தோடு நின்றுவிடும்.

தெற்குமாசி

இரண்டு தரப்பும் வேண்டும், தனித்தனி அமர்வில். வார்டர்கள் இருக்கும் அறையில் முன்னாள் கைதி வாய் திறக்க மாட்டார், வார்டரும் அப்படியே. பாதிக்கப்பட்டவர்களை எல்லா விதிக்கும் கூப்பிட வேண்டியதில்லை. விடுப்பு, முன்விடுதலை, கூலி மூன்றிலும் அவர்கள் பங்கு நேரடியானது. கூலி விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகிற வாய்ப்பும் உண்டு. 1998-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகச் சட்டம் செய்யலாம் என்றது. எத்தனை பங்கு, யார் மூலமாக, எவ்வளவு நாளில் போய்ச் சேர வேண்டும் என்பதை இரண்டு அமர்விலும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மணியடிச்சாச்சு

உள்ளே இருப்பவர்களிடம் கேட்பது பற்றி யாரும் தொடவில்லை. கேட்கலாம், ஆனா ஏனோதானோன்னு செஞ்சா பேசினவனுக்குத்தான் அடி.

அனுமதிக்கு இரண்டு வழி. சிறைத்துறைத் தலைமைக்கு நேரடி மனு, மாதக்கணக்கில் இழுக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளர் வழியாகப் போவது மேல். அவருக்கு உள்ளே சட்ட உதவி மையம் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல நடத்தை உள்ள தண்டனைக் கைதிகளையே சட்டம்சார் தன்னார்வலராகப் பயிற்றுவிக்கும் திட்டமும் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் உண்டு. ஆனா அந்தத் தன்னார்வலர்களை மட்டும் கேட்டுவிட்டு வந்துடாதீங்க. அவங்களும் நிர்வாகம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள்தான்.

சூப்பிரண்டு பத்துப் பேரை வெள்ளைச் சட்டை போட்டு வரிசையா உட்காரவைப்பார். அதைப் பணிவா மறுத்துடுங்க. அன்றைய கைதிப் பட்டியலை வாங்கி, பிளாக் வாரியா, எண்ணி எடுங்க. 400 பேர் இருந்தா 20-க்கு ஒருவர், முதல் எண்ணைக் குலுக்கிப் போட்டு. தனிச் செல், மருத்துவமனை வார்டு இரண்டையும் பட்டியலில் சேர்த்தாங்களான்னு மொத்த எண்ணிக்கையோட ஒத்துப் பாருங்க. வரலைன்னு மறுக்க ஒவ்வொருத்தருக்கும் உரிமை உண்டு. மறுத்தவங்க பெயரை எங்கேயும் எழுதாதீங்க.

வார்டர் பார்வைக்குள் இருக்கலாம், காதுக்கெட்டும் தூரத்தில் கூடாது. கேள்வியை நடைமுறை பத்தி வையுங்க (உள்ளே ‘மனு’ன்னா வீட்டு ஆள் வந்து பார்க்கிற சந்திப்பு): “மனு பார்க்க வீட்டு ஆள் வந்தா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?” “உங்களை யாராவது அடிச்சாங்களா?”ன்னு குழுவில் கேட்காதீங்க. அதைச் சொல்ல விரும்புறவங்களுக்குத் தனியா வக்கீல் வேணும்.

முக்கியமானது நீங்க வெளியே வந்த பிறகு. பழிவாங்கல் அடி உதையா வராது. ‘நிர்வாகக் காரணம்’னு வேற ஊர் சிறைக்கு மாத்துவாங்க. பிளாக் மாறும். கேன்டீன் கட் ஆகும். மனுவில் நேரம் குறையும். அதனால பேசினவங்க பட்டியலை மூடின உறையில் ஆணைக்குழு செயலாளரிடம் கொடுத்துட்டு, 15 நாள் கழிச்சு ஒரு முறை, 60 நாள் கழிச்சு ஒரு முறை, சொல்லாம வந்து பார்க்க ஒப்புதல் வாங்குங்க. தண்டனைப் பதிவேடு வைக்கணும்னு 1894 சட்டமே சொல்லுது. அதையும் இடமாற்ற உத்தரவுகளையும் அந்தப் பட்டியலோட ஒத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். இந்த ஒப்புதல் கிடைக்கலைன்னா உள்ளே போகாம இருக்கிறதே உத்தமம். வெளியே வந்தவங்களை வச்சே வேலையை முடிங்க.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பிற்பகல் கூட்டம், மூன்று குவியல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு சந்தேகம். பேசியவர்கள் பெயரை அறிக்கையில் போடலாமா? ஜாமீன் பற்றிய பகுதியில் சிறை விதி தாண்டியும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை எப்படிக் கையாள்வது?

வாய்தா

பெயர்: வரைவுக் குழு உறுப்பினர்கள் விரும்பினால் பேராசிரியர்களோடு சேர்த்து அதே பட்டியலில், அகர வரிசையில், ‘முன்னாள் கைதி’ என்ற அடைமொழி இல்லாமல் போடுங்கள். விருப்பத்தை அச்சுக்குப் போகும் முன் இன்னொரு முறை கேளுங்கள். இடையில் கல்யாணம், வேலை என்று எதுவும் மாறியிருக்கலாம். கருத்து மட்டும் சொன்னவர்களுக்குக் குறியீட்டு எண். ஒலிப்பதிவு வேண்டாம், கைக்குறிப்பு போதும். கஞ்சாவோ செல்போனோ உள்ளே வந்த வழியைப் பற்றி யாராவது “நான்தான் கொண்டுபோனேன்” என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, “அங்கே எப்படி வரும்?” என்று பொதுவாகப் பேசவையுங்கள். வெளியாளிடம் சொன்ன ஒப்புதலும் வழக்கில் சாட்சியமாக வர முடியும், உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டு வாங்க முடியும். அரசுக் குழுவாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நடவடிக்கைக் குறிப்புகள் கேட்கப்படும்; உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் தகவலை 8(1)(ஜி) பிரிவு காக்கும் என்றாலும், பெயரையே எழுதாமல் விடுவதுதான் பாதுகாப்பு.

ஜாமீன்: அதற்குத் தனி இணைப்பு வையுங்கள். 2023 ஜனவரி 31 உத்தரவில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. உங்கள் விசாரணைக் கைதி உறுப்பினர்களிடம் அந்த 8-ஆம் நாள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ‘இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் இரத்த உறவு’ என்ற நிபந்தனையில் வெளியூர்க் கூலித் தொழிலாளி எங்கே சிக்குகிறார், வி.ஏ.ஓ. சான்றுக்கு யார் அலைவது, ஜாமீன்தார் பிடித்துத் தருகிறவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்று படிப்படியாக வரும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479-ஆம் பிரிவையும் அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். முன்பு எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் ஜாமீனில் விட வேண்டும், கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்பதைப் பார்த்ததும் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் இதில் வராது. அதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது என்று 2-ஆம் உட்பிரிவு சொல்கிறது. சில்லறைத் திருட்டில் பிடிபட்டவர் மேல் பழைய வழக்குகளையும் சேர்த்து நாலைந்து எண் போடுகிற வழக்கத்தை அனுபவித்தவர், அந்த உட்பிரிவில்தான் விரலை வைப்பார். மாநிலத் திருத்தம் கேட்பதா, வழக்குகளை ஒன்றாக விசாரிக்கச் சொல்வதா என்று இரண்டு மாற்று வாசகங்களை எழுதி இணைப்பில் சேருங்கள். அனுப்பும்போது சிறைத்துறைக்கு ஒரு பிரதி, உள்துறைச் செயலாளருக்கு ஒன்று, மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. குழுவில் இருந்த நால்வருக்கும் தமிழ்ப் பிரதி, என்ன ஏற்கப்பட்டது, என்ன விடப்பட்டது, ஏன் என்ற ஒரு பக்கக் குறிப்போடு.